முப்பத்தெட்டுக் கலங்கரை விளக்கங்கள்

முப்பத்தெட்டாவது திசைச்சீட்டும் அச்சாகி வந்து விழுந்தபோது அதை எடுத்துப் பார்க்கவே தெய்வசிகாமணிக்குப் பயமாக இருந்தது. பார்த்தார். பயந்தபடியே இருந்தது.

‘வாழ்க்கைக் குறிக்கோள்: கலங்கரை விளக்கக் காவலர். மெய் அளவு: 94.’

முந்தைய முப்பத்தேழும் அதையேதான் சொல்லின. மெய் அளவு மட்டும் ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தது. வெள்ளக்கல்பட்டி அரசு மேல்நிலைப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, ஒருவர் பாக்கியில்லாமல் கடற்கரைக்குக் குடிபோக முடிவு செய்திருந்தது. வெள்ளக்கல்பட்டியிலிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை குச்சிக்கிழங்குக் காடும் ஜவ்வரிசி ஆலையும்தான். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த உப்பெல்லாம் மளிகைக் கடை உப்பு.

தப்பு யாருடையது என்று கண்டுபிடிக்க விசாரணைக் கமிஷன் வேண்டியதில்லை. அந்தப் பள்ளியின் திசை ஆசிரியர் தெய்வசிகாமணிதான்.

முன்பெல்லாம் பிள்ளைகளின் எதிர்காலத்தை மதிப்பெண்ணும் மாமாக்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அது அநியாயம் என்று உணர்ந்த அரசு, பிள்ளைகளே தங்கள் மனசுக்குள் பார்த்து முடிவு செய்யட்டும் என்று பள்ளிக்கு ஓர் அகநோக்கியைக் கொடுத்தது. ஏ.டி.எம். அறை அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி. மணிக்கட்டுக்கு ஒரு பட்டை, நெற்றிக்கு ஒரு பட்டை. உட்கார்ந்து ஆசையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாடி, மூச்சு, குரல் நடுக்கம், கண்மணி விரிவதும் சுருங்குவதும் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, சொன்னதில் நூற்றுக்கு எத்தனை உண்மை என்று மெய்மானி காட்டும். எழுபதைத் தாண்டினால் திசைச்சீட்டு. சீட்டில் இருக்கும் படிப்புக்குத்தான் கல்லூரியில் இடம்.

மெய்மானியை ஏமாற்றியவர்கள் இதுவரை யாரும் இல்லை. முயன்றவர்கள் உண்டு. ‘அகநோக்கி வெற்றிக் கையேடு: கடந்த ஐந்தாண்டு ஏக்கங்கள், விடைகளுடன்’ என்ற புத்தகம் பஸ் ஸ்டாண்டில் பகிரங்கமாக விற்றது. ஆசிரியர்கள் வைத்திருக்கக் கூடாத நூல். தெய்வசிகாமணி அதற்குப் பஞ்சாங்க அட்டை போட்டு வைத்திருந்தார்.

போன வாரம் நடந்தது இதுதான். “ஒரே ஒரு மாடல் குடுங்க சார், எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலீங்க சார்” என்று வகுப்பே கெஞ்சியது. மாதிரி கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் கெஞ்சுகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளும் திறமை அவருக்குப் பிறவியிலேயே இல்லை. இந்த ஊரில் எவனுமே ஆசைப்பட முடியாத ஒன்றை எழுதிப்போட்டால் எப்படிக் காப்பி அடிப்பார்கள் என்று ஒரு யோசனை வந்தது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, கரும்பலகை நிறையக் கலங்கரை விளக்கத்தைப் பற்றி எழுதினார். உப்புக் காற்று, சுழல் படிக்கட்டு, உச்சியில் சுற்றும் விளக்கு என்று கை போன போக்கில் எழுதிவிட்டு, மேலே பெரிதாக ‘மாதிரி மட்டும். இதைக் காப்பி அடிக்கக் கூடாது’ என்று போட்டார்.

பிள்ளைகள் அந்த வரியையும் சேர்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். சிலர் சிவப்புப் பேனாவால் அடிக்கோடும் போட்டிருந்தார்கள். போர்டில் இருப்பது எதுவானாலும் பரீட்சைக்கு வரும் என்பது வெள்ளக்கல்பட்டியில் மூன்று தலைமுறை நம்பிக்கை. இருபத்தாறு வருடமாக அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர்களில் தெய்வசிகாமணியும் ஒருவர்.

சீட்டுகளை அள்ளிக்கொண்டு தலைமையாசிரியை ஹேமமாலினியின் அறைக்குப் போனார்.

“சராசரி என்னங்க சார்?” என்றார் ஹேமமாலினி.

“அது இருக்கட்டுங்க மேடம். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே மாதிரி…”

“சராசரி?”

“தொண்ணூத்தி மூணு புள்ளி ஏழு.”

மேடம் எழுந்து நின்றுவிட்டார். “போன வருஷம் எழுபத்தொண்ணுக்கே நாக்குத் தள்ளிருச்சு! மாவட்டத்துலயே நாமதான் சார் ஃபர்ஸ்ட்டு!”

“மேடம், நான் போர்டுல எழுதினதைத்தான் எல்லாரும் ஒப்பிச்சிருக்காங்க. இது என் தப்புங்களா, அவங்க தப்புங்களா? நீங்களே சொல்லுங்க.”

“தப்பா? இதுல என்னங்க சார் தப்பு? இருங்க, ஃபிளக்ஸுக்குச் சொல்லீட்டு வந்துர்றேன்.”

சாயங்காலமே பள்ளி வாசலில் முப்பத்தெட்டு முகங்கள் ஒரு விளக்குக் கோபுரத்தைச் சுற்றிச் சிரித்தன. கோபுரத்தின் உச்சியில் ஹேமமாலினி நின்றார். கீழ் மூலையில், தபால் தலை அளவில், தெய்வசிகாமணி.

தெய்வசிகாமணி மாவட்டத் திசை அலுவலர் பரணிதரனுக்குப் போன் போட்டார். பரணிதரன் மரியாதைக்காரர். எதற்கும் பதில் சொல்லாமலே அரை மணி நேரம் அன்பாகப் பேசக்கூடியவர்.

“மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா மெய்மானி நாப்பதைத் தாண்டாதுங்க சார். தொண்ணூத்தி நாலு வருதுன்னா அது உண்மைதான்.”

“அப்பப் பசங்களுக்கு நெசமாவே அந்த ஆசை இருக்குன்னு சொல்றீங்களா?”

“நான் அப்படிச் சொல்லலீங்களே.”

“மெஷின் கோளாறுங்களா?”

“அப்படியும் சொல்லலீங்க.”

“அப்ப என் தப்புங்களா?”

“அதை நீங்கதான் சார் உள்ள பார்த்துச் சொல்லோணும். திட்டத்தோட நோக்கமே அதுதானுங்களே!”

அவரிடமிருந்து உருப்படியாகக் கிடைத்தவை விதிகள் மட்டும்தான். சீட்டுகளுக்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முத்திரை விழும். கலங்கரை விளக்கப் படிப்புக்கு மாநிலத்துக்கே நான்கு இடம். இடம் கிடைக்காத முப்பத்து நான்கு பேரும், வேறு எதிலும் சேர முடியாமல், ஒரு வருடம் அகமுகாமில் தங்கித் தங்களுக்குள் இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும்.

அகமுகாம் ஒரு மலைமேல் இருந்தது. விடிகாலை ஐந்து மணிக்கு மணி அடிப்பார்கள். ஒரு நாளைக்கு நான்கு அமர்வு. நான்கிலும் ஒரே கேள்வி: ‘நீ யார்?’ கணக்கு ஆசிரியர் இளங்குமரன் ஒரு தடவை போய்வந்தவர். இப்போது அவரிடம் டீ வேண்டுமா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, “டீ கேக்கறது நானா, என் பழக்கமான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்” என்பார். அதற்குள் டீ ஆறி ஆடை படிந்துவிடும்.

இதைத் தடுக்க இரண்டு வழி இருந்தது. முதல் வழி மறு அமர்வு. மாணவர் திரும்ப உட்கார்ந்து வேறோர் ஆசையைச் சொல்லலாம். ஆனால் அது பழைய மெய் அளவைத் தாண்ட வேண்டும். இரண்டாவது வழி படிவம் பதினான்கு. ஆசிரியரே அகநோக்கியில் உட்கார்ந்து ‘இந்தப் பிழை என்னுடையது’ என்று சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டினால் எல்லாச் சீட்டும் ரத்து. பிள்ளைகள் பழையபடி மதிப்பெண்ணை வைத்து, கிடைத்த கல்லூரியில், பிடித்த படிப்பில் சேரலாம். அவர்களுக்குப் பதிலாக ஆசிரியர் மலையேற வேண்டும்.

தெய்வசிகாமணி முதல் வழியைத்தான் முதலில் எடுத்தார். மலை அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

செவ்வாய்க்கிழமை லக்ஷித்தை உட்கார வைத்தார். அவன் அப்பாவிடம் இரண்டு போர்வெல் லாரி இருந்தது. லாரியோடு போய் நாடு முழுக்கத் துளை போட வேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவன் கனவு. சொன்னான். நாற்பத்தொன்று காட்டியது.

“டேய், போன வருஷம் ஒத்திகைல இதையே சொன்னப்ப எம்பது வந்துச்சேடா!”

“அது போன வருஷமுங்க சார்.”

வெளியே காத்திருந்த அவன் அப்பா குழம்பிப்போயிருந்தார். “என்ற பையன் கடலையே பாத்ததில்லீங்க சார். ஒருக்கா மாமல்லபுரம் கூட்டிட்டுப் போனோம். கார்லயே தூங்கீட்டான். இவனுக்கு எப்படீங்க சார் இந்த ஆசை?”

கனிஷ்கா டாக்டர் என்றாள். முப்பத்து மூன்று. அவள் அம்மா பக்கத்தில் நின்று கையைக் கூப்பிக்கொண்டிருந்தது மெய்மானிக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ. இன்னொருவன் கிரிக்கெட் என்று சத்தமாகச் சொன்னான். நாற்பத்தெட்டு. புதன்கிழமை மதியத்துக்குள் பத்தொன்பது பேர் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். ஒருவரும் அறுபதைத் தொடவில்லை. அவர்களுக்கு அது ஒன்றும் பெரிய கவலையாகத் தெரியவில்லை என்பதுதான் தெய்வசிகாமணியின் வயிற்றை எரித்தது.

“ஏன் சாமி, உலகத்துல எத்தனை வேலை இருக்குது? அதென்ன கலங்கரை விளக்கம்?”

“நீங்கதானே சார் எழுதிப் போட்டீங்க” என்றான் லக்ஷித்.

“அது சும்மா எழுதினதுடா!”

“மெய்மானி சும்மான்னு சொல்லலீங்களே சார்.”

“அப்ப என் மேலதான் தப்புங்கறயா?”

“ஐயையோ! சார் மேல எப்படீங்க சார் தப்பிருக்கும்?”

சொல்லும்போது அவன் முகத்தில் அவ்வளவு மரியாதை இருந்தது. தலையை எங்கே முட்டிக்கொள்ளலாம் என்று தெய்வசிகாமணி சுற்றிலும் பார்த்தார். எல்லாப் பக்கமும் கண்ணாடியாக இருந்ததால் விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை, வேறு வழியில்லாமல், படிவம் பதினான்கை எடுத்துக்கொண்டு தானே கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். பட்டைகளை மாட்டிக்கொண்டார். தியாகம் செய்யப்போகிறவர்களுக்கு வரும் கம்பீரம் அவர் முகத்திலும் வந்திருந்தது. கண்ணாடியில் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

“இந்தப் பிழை என்னுடையது.”

நாற்பத்தாறு.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கர்ணன் கவசத்தைக் கழற்றி நீட்ட, ‘இது ஒரிஜினலா?’ என்று இந்திரன் கேட்ட மாதிரி இருந்தது. மறுபடியும் கைகூப்பிச் சொன்னார். ஐம்பத்தொன்று. செத்துப்போன தன் நாயை நினைத்துக் கண்ணில் தண்ணீர் வரவழைத்துக்கொண்டு சொன்னார். நாற்பத்தொன்பது. கத்திச் சொன்னார். நாற்பத்து நான்கு.

பட்டையைக் கழற்றும்போதுதான் பிடிபட்டது. ‘பிழை என்னுடையது’ என்று வாய் சொல்லும்போதெல்லாம், உள்ளே ஒரு மூலையில் இன்னொரு தெய்வசிகாமணி உட்கார்ந்து, ‘காப்பி அடிக்கக் கூடாதுன்னு அவ்வளவு பெருசா எழுதினேனே, படிச்சாங்களா?’ என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மெய்மானிக்கு அவன் குரலும் கேட்டுவிட்டது. இருபத்தாறு வருட உத்தியோகத்தில், அதில் கடைசி மூன்று வருடம் பிறருக்குத் தன்னைத் தானே பார்க்கச் சொல்லிக்கொடுத்த உத்தியோகத்தில், அந்த ஆளை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்த்தும் அவனை வெளியேற்ற முடியவில்லை. அவன் சொல்வதும் நியாயமாகத்தானே இருக்கிறது என்று வேறு தோன்றித் தொலைத்தது.

வெள்ளிக்கிழமை நான்கேகால் மணி. பள்ளி விட்டாகிவிட்டது. அகநோக்கி அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. இந்த மெஷினே ஒரு தண்டம் என்று நிரூபித்துவிட்டால் பரணிதரன் என்ன சொல்வான் பார்க்கலாம் என்று ஒரு வெறி வந்தது. கூண்டுக்குள் உட்கார்ந்து தன் மாதிரியையே ஒப்பிக்க ஆரம்பித்தார். போர்டில் கை போன போக்கில் எழுதிய அதே பொய். இதற்குப் பத்துக்கு மேல் வந்தால் மெஷின் பொய்.

“நான் கலங்கரை விளக்கக் காவலராக விரும்புகிறேன். உப்புக் காற்று வீசும் இடம் அது. தினமும் இருநூறு படி ஏறுவேன். விளக்கைத் துடைத்து ஏற்றிச் சுற்றவிடுவேன். அது ஒன்றுதான் வேலை. தூரத்தில் போகும் கப்பலிடம், எங்கே போகிறாய் என்று நான் கேட்க மாட்டேன். என்னிடமும் யாரும் வந்து…”

தொண்டை அடைத்தது. ஏன் அடைக்கிறது என்று அவருக்கே புரியவில்லை. ஒரு மிடறு விழுங்கிக்கொண்டு முடித்தார்.

“…நீ என்ன ஆகப்போகிறாய் என்று கேட்க மாட்டார்கள்.”

மெய்மானி தொண்ணூற்றேழு காட்டியது. ஒரு திசைச்சீட்டையும் அச்சடித்துத் துப்பியது. ஐம்பத்திரண்டு வயதில் தெய்வசிகாமணிக்கு வாழ்க்கைக் குறிக்கோள் கிடைத்துவிட்டது. மாவட்டத்தில் அவர்தான் முதலிடம்.

சீட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு கடைசியாக ஒரு தடவை படிவம் பதினான்கை எடுத்து, “இந்தப் பிழை என்னுடையது” என்றார். அறுபத்து மூன்று.

“இன்னும் என்னதான்டா வேணும் உனக்கு?” என்று கூண்டுக் கதவை எட்டி உதைத்தார். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டை விரல் வீங்கியது.

ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு திரும்பினால், வாசலில் மிதுனிகா நின்றுகொண்டிருந்தாள். ‘ஆ’ பிரிவின் வகுப்புத் தலைவி. அதிகம் பேசாத பெண். அறையைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போவது அவள் வேலை. மறு அமர்வுக்கு ஒரு தடவைகூட வராதவர்களில் அவளும் ஒருத்தி.

“எத்தனை நேரமா நிக்கறே கண்ணு?”

“கப்பல் வர்றதுல இருந்துங்க சார்.”

தெய்வசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்தார். கடிகாரம் நான்கு நாற்பது காட்டியது. இன்னும் இருபது நிமிடத்தில் முத்திரை.

“கண்ணு, அஞ்சு நாளா ஊரெல்லாம் கேட்டுட்டேன். ஹெச்.எம். மேடம் ஃபிளக்ஸ் வெக்கறாங்க. ஆபீசரு உள்ள பாருங்கறாரு. உங்க கிளாஸ் பசங்க சார் மேல தப்பே இல்லைன்னு பூசாரி மாதிரிச் சொல்றாங்க. நீயாச்சும் நேராச் சொல்லு. மனப்பாடம் பண்ணுனீங்களா, இல்ல நெசமாவே ஆசைப்பட்டீங்களா?”

அவள் சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே யோசித்தாள்.

“மனப்பாடந்தாங்க சார் பண்ணுனோம். கையேட்டுல இருக்கறதைவிடச் சின்னதா இருந்துச்சு. ஆனா உள்ள போய் உக்காந்து சொல்றப்ப, அந்தக் கடைசி வரி வந்தப்ப, எனக்கு அழுகை வந்துருச்சு. வெளிய வந்து கனிஷ்காட்டச் சொன்னேன். அவளுக்கும் அந்த எடத்துலதான் வந்துச்சாம். லக்ஷித்துக்குங்கூட. அவன் ஒத்துக்க மாட்டான்.”

“அழுகற அளவுக்கு அதுல என்ன கண்ணு இருக்குது?”

“உங்களுக்கும் அங்கதானுங்களே சார் தொண்டை அடைச்சுது.”

வெளியே ஜவ்வரிசி ஆலையின் சங்கு ஊதி ஓய்ந்தது.

“அப்ப தப்பு என்னோடதா?” என்றார். கேட்டுவிட்டு, வழக்கமான பதில் வரப்போகிறது என்று முகத்தைச் சுளித்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

“ஆமாங்க சார்.”

சுளித்த முகம் அப்படியே நின்றது.

“போர்டுல எழுதுனதைச் சொல்லலீங்க சார். அது நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் மிதுனிகா. அவள் குரலில் கோபம் இல்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போனாள். “அட்டெண்டென்ஸ் எடுக்கறப்பத் தெனமும் கேப்பீங்கள்ல, இன்னைக்கு உன்ற குறிக்கோள் என்னன்னு? பத்தாவதுல எங்கப்பா செத்துப்போனாரு. மூணு நாள் கழிச்சு ஸ்கூலுக்கு வந்தேன். அன்னைக்கும் கேட்டீங்க. எனக்கு ஒண்ணுமே தோணலீங்க சார். கலெக்டர்னு சொன்னேன். நீங்க ‘வெரி குட் கண்ணு’ன்னு சொல்லி டிக் அடிச்சுட்டு அடுத்த பேருக்குப் போயிட்டீங்க.”

தெய்வசிகாமணி அந்த நாளைத் தேடிப் பார்த்தார். இல்லை. எத்தனையோ காலைகள், எத்தனையோ டிக், அதில் ஒன்று. அவளுக்கு அப்பா இல்லை என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. உள்ளே மூலையில் உட்கார்ந்து எப்போதும் முணுமுணுக்கும் அந்த ஆள்கூட இப்போது வாயைத் திறக்கவில்லை.

மிதுனிகா போய்க் கூண்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் பத்து நிமிஷம் இருக்குதுங்க சார். போய்ச் சொல்லுங்க. இப்ப ஏறும்.”